நானூறு வீடும் நீங்கு நிலமும்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு சீக்கிரமே அண்ணாந்துவிடுகிறது. 216 அடி விமானம், உச்சிக் கல்லின் எடை, அதை ஏற்றச் சாரம் கட்டிய ஊர், நிழல் தரையில் விழாது என்கிற கதை. நிழல் விழும், காலையிலோ மாலையிலோ பிராகாரத்தில் நின்றால் யாரும் பார்க்கலாம். உச்சியில் இருப்பது ஒற்றைக் கல்லும் இல்லை, துண்டுகளாகச் செய்து பொருத்தியது. இந்தக் கதைகளால் கோயிலுக்குக் குறைவொன்றும் வந்துவிடவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்களின் கண்ணை அவை மேலேயே நிறுத்திவைக்கின்றன. அந்தக் கோயிலில் உலகம் வியக்க வேண்டிய விஷயம் இடுப்பு உயரத்தில், நடந்துகொண்டே தொட்டுப் பார்க்கும்படி இருக்கிறது.

விமானத்தின் அடித்தளத்தில், வடபுறத்தில் தொடங்குகிறது அந்த எழுத்து. ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் தானம் செய்துகொண்டிருந்தபோது வாய்மொழியாக இட்ட ஆணை அது. தான் கட்டுவித்த கற்றளிக்குத் தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்தில் கல்லிலே வெட்டச் சொல்கிறான். அக்கன் குந்தவை. அந்த ‘மற்றவர்கள்’ என்ற இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். தன் பெயரை வெட்டிவைக்காத பேரரசன் உலகில் இல்லை. தன் பெயருக்குப் பக்கத்தில் அதிகாரிகளின் பெயரையும் படைப்பிரிவுகளின் பெயரையும் அதே உளியால், அதே கல்லில் வெட்டச் சொன்னவர்கள் குறைவு.

பக்தியின் மொழியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அந்தச் சுவர் ஏமாற்றம்தான். மெய்க்கீர்த்தி முடிந்ததும் வருவதெல்லாம் கணக்கு. ஓர் ஆபரணத்தை எடுத்துக்கொண்டால், அதன் பொன் எடை எவ்வளவு, கோத்த முத்துகள் எத்தனை, அவற்றில் உருண்டவை எத்தனை, ஓரளவே உருண்டவை எத்தனை, மெருகிட்டவை எத்தனை, குறையுள்ளவை எத்தனை என்று வகைவகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அரக்கோடு சேர்த்து எடை எவ்வளவு, அரக்கு நீக்கினால் எவ்வளவு என்பதும் வேண்டும். நிறுத்த கல்லின் பெயரும் வேண்டும், அது ‘ஆடவல்லான்’. எடைக்கல்லுக்கே நடராசரின் பெயர். குறையுள்ள முத்தைக் குறையுள்ளது என்று அரசன் தானத்திலேயே எழுதிவைக்கும் இந்தக் கறாருக்கு முன்னால் நின்றால் மனம் ஒடுங்குகிறது. கொடுத்தவன் பெருமைக்காக மட்டும் எழுதியிருந்தால் இப்படி எழுதத் தேவையில்லை. நூறு ஆண்டு கழித்து வருகிற ஒரு கணக்கன் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்தவர்களால்தான் இப்படி எழுத முடியும்.

கோயிலின் சுற்றுச்சுவரில் வடபக்கம், வெளிப்புறமாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கல்வெட்டு இருக்கிறது. சோழ நாட்டின் பல தளிகளிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பட்டியல். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஒரு வேலி நிலம், அதிலிருந்து ஆண்டுக்கு 100 கலம் நெல். நெல் அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான். எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊரின் எந்தத் தளியிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாகப் போகிறது. திருவையாறு, திருவாரூர், பழையாறு, நாகப்பட்டினம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெயர்களுக்கு முன்னால் ‘நக்கன்’ என்ற அடை. ஒருத்தி பெயர் எடுத்தபாதம். தூக்கிய காலையே பெயராகக் கொண்ட ஒரு பெண் இந்த ஊரில், எண்ணிட்ட ஒரு வீட்டில் இருந்தாள் என்பதை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நாம் தெரிந்துகொள்ள முடிகிறது. அதே காலத்துப் பல அரசியரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரியாது.

பெண்களோடு பட்டியல் நிற்கவில்லை. நட்டுவம் செய்வோர், வங்கியம் ஊதுவோர், உவச்சர், வீணை வாசிப்போர், ஆரியம் பாடுவோர், தமிழ் பாடுவோர், கொட்டிமத்தளம் வாசிப்போர், விளக்கிடுவோர், நீர் தெளிப்போர், குசவர், வண்ணார், தையற்காரர், கன்னார், தச்சர், தட்டார், கணக்கர், கீழ்க்கணக்கர், சோதிடர். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இங்கே கிடைக்கிறது. இன்று அவன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம் என்றால் அது இந்தப் பட்டியலின் கொடை. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்பதற்கும் விதி எழுதியிருக்கிறார்கள். அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யலாம். அவருக்கு அந்த வேலை தெரியாவிட்டால், தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து வேலையைச் செய்விக்க வேண்டும். பரம்பரை உரிமையை ஏற்றுக்கொண்டே அதற்கு மேல் தகுதியை வைத்த இந்த வரியைப் பிறகு ஒருமுறை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

விளக்குக்கு வைத்த ஏற்பாடு தனி அழகு. அணையா விளக்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடு; அல்லது 48 பசு; அல்லது 16 எருமை. இவற்றை ஓர் இடையனிடம் ஒப்படைத்து, அவன் பெயரையும் ஊரையும் எழுதி, அவனுக்காகப் பிணை நிற்கிறவர்களின் பெயரையும் எழுதிக்கொள்வார்கள். இந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்பது சோழர் கால வழக்கு. ஆடு சாகும், மூப்படையும், கிடையில் நோய் விழும். ஆனால் கணக்கில் 96 எப்போதும் 96தான். குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்ப வேண்டியது இடையன் பாடு. மிச்சம் அவனுக்கு. அரசன் ஒருமுறை கொடுத்தான். அந்தக் கொடையைத் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருந்தவர்கள் மேய்ச்சல் காட்டில் இருந்தார்கள். சந்நிதியில் எரிந்த சுடரை நினைக்கும்போது, எங்கோ ஒரு கிடையில் கோடை முழுக்கத் தண்ணீர் தேடி அலைந்தவனையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சுவர் மறைக்கவில்லை. மலைநாட்டில் சேரமானையும் பாண்டியர்களையும் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து செய்த பாத்திரங்கள், சாளுக்கிய சத்தியாசிரயனை வென்று வந்து இறைவன் பாதத்தில் இட்ட பொற்பூக்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கோயிலுக்கு நெல்லும் காசும் தர வேண்டிய ஊர்களில் ஈழத்து ஊர்களும் இருந்தன. ஈழத்து வயலில் அறுத்தவனுக்குத் தஞ்சை விமானம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. வந்த காசைக் கோயில் சும்மா வைத்திருக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தது. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில ஊர்கள் வட்டியை நெல்லாகக் கட்டின. சில ஊர்கள் திருமஞ்சன நீரில் இடும் ஏலக்காயாகவும் செண்பக மொட்டாகவும் இலாமிச்சை வேராகவும் கட்டின. கடன் கொடுத்தவர் ஆதிசண்டேசுவரர். கோயிலின் கொடுக்கல் வாங்கல் முழுக்க அவர் பேரில்தான்.

தெய்வம் கணக்கு வைத்திருப்பது ஏதோ பழைய நம்பிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து 1976இல் எடுக்கப்பட்டுக் கடத்தப்பட்ட நடராசர் சிலைக்காக லண்டனில் நடந்த வழக்கில், இடிந்து கிடந்த ஒரு சோழர் காலக் கோயில் வழக்காட முடியும் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஒப்புக்கொண்டது. சிலை திரும்பி வந்தது. சண்டேசுவரர் பேரில் எழுதிய பழைய ஏற்பாடு, கடல் தாண்டிய ஒரு நீதிமன்றத்தில் அன்று தொடர்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

கோயிலும் கணக்கும் சேர்ந்தே பிறந்தவை. மெசபடோமியாவில், ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டு, உருக் நகரத்தின் ஈயன்னா கோயில் வளாகத்தில் கிடைத்த களிமண் பலகைகள் மனிதர் எழுதிய மிகப் பழைய எழுத்துகளில் சேர்ந்தவை. அவற்றில் துதி இல்லை. தானியம், ஆடு, பீர், ஆள் எண்ணிக்கை. பின்னால் கிர்சு நகரத்தில் பாவு என்ற பெண் தெய்வத்தின் கோயில் ஆவணங்களில், நெசவுப் பெண்களுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் மாதந்தோறும் அளந்த வாற்கோதுமை எழுதப்பட்டிருக்கிறது. எகிப்தில் மூன்றாம் ராம்சேஸ் கோயில்களுக்குக் கொடுத்தவற்றைப் பட்டியலிடும் பாப்பிரஸ் சுருள் 40 மீட்டருக்கு மேல் நீளம். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீப்ஸ் நகரத்து அமுன் தெய்வத்தின் கணக்கில் மட்டும் 86,486 ஆட்கள், 4,21,362 கால்நடைகள், 83 கப்பல்கள், 65 ஊர்கள். கம்போடியாவில் ஏழாம் ஜெயவர்மன் கட்டிய தா புரோம் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு 3,140 ஊர்களையும் 79,365 ஆட்களையும் சொல்கிறது. ஆடல் மகளிர் 615 பேர்.

இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறபோது அளவைவிட வேறொன்று கண்ணில் படுகிறது. அமுனின் 86,486 பேரில் ஒருவர் பெயரும் அந்தச் சுருளில் இல்லை. தா புரோமின் 615 பேரும் எண்ணாகவே நின்றுபோனார்கள். தஞ்சையில் 400 பேருக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு. இதற்கு நிகராக எனக்குத் தெரிந்தது ஏதென்ஸ் நகரத்து எரெக்தியம் கோயிலின் கட்டுமானக் கணக்கு. கி.மு. 408, 407 ஆண்டுகளில் தூண்களுக்கு வரி செதுக்கியவர்கள், மரவேலை செய்தவர்கள் யார் யார், யாருக்கு எவ்வளவு கூலி என்று பளிங்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடிமகனும் அயலூர்க்காரனும் அடிமையும் ஒரே தூணில் வேலை செய்கிறார்கள். ஒரே கூலி, நாளுக்கு ஒரு திராக்மா. அடிமையின் கூலி எஜமானன் மடிக்குத்தான் போயிருக்கும். ஆனாலும் அடிமையின் பெயர் இருக்கிறது. சற்று மேலே, அதே குன்றில், பார்த்தினன் கோயில் நிற்கிறது. கூட்டணி நகரங்கள் பாரசீகருக்கு எதிரான போருக்கென்று சேர்த்த நிதி கி.மு. 454இல் டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. ஏழே ஆண்டுகளில் பார்த்தினனுக்குக் கால்கோள் நடந்தது. அந்த நகரங்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதைக் கேரளத்துக்காரரும் சிங்களரும் கன்னடரும் தஞ்சைச் சுவரைப் படிக்கும்போது நமக்குச் சொல்லக்கூடும்.

அதிகாரம் கோயிலைக் கட்டும், கோயில் அதிகாரத்தைக் காக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் கணக்குகளில் வேறொரு கதையும் இருக்கிறது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் அரச கல்லறைகளை வெட்டிக்கொண்டிருந்த தெய்ர் எல் மதீனா தொழிலாளர்களுக்கு மாதக் கூலியான தானியம் வரவில்லை. அவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி, இறந்த அரசர்களின் நினைவுக் கோயில்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பசிக்கிறது, உடை இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்றார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அரண்மனை வாசலில் உட்காராமல் அவர்கள் ஏன் கோயிலைத் தேர்ந்தார்கள்? தானியக் களஞ்சியம் அங்கே இருந்தது. இரண்டாம் ராம்சேஸின் நினைவுக் கோயிலில் வெயிலில் காயவைத்த, சுடாத செங்கல்லால் கட்டிய களஞ்சிய வளைவுகளை இன்றும் பார்க்கலாம். விவிலியத்தின் அரசர் நூல் சாலமோன் கோயில் கட்ட 30,000 பேரை வேலைக்குப் பிடித்ததைச் சொல்கிறது. அவன் மகன் காலத்தில் நுகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு, கிடைக்காமல், வடக்குக் குலங்கள் பிரிந்துபோனதையும் சொல்கிறது. கோயிலின் உள்ளே இருப்பது தங்களுக்கும் உரியது என்று வெளியே இருந்தவர்கள் எல்லாக் காலத்திலும் அறிந்திருந்தார்கள்.

இனித் தஞ்சைச் சுவரின் இன்னொரு பக்கம். கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்களின் நிலக்கணக்கு. முந்திரிகை, கீழ் முந்திரிகை என்று வேலியைக் கண்ணுக்குத் தெரியாத பின்னங்களாக உடைத்து அளந்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் இவ்வளவு. அதில் ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை இறையிலி நீங்கு நிலம். அவற்றைக் கழித்தது போக இறை கட்டின நிலம் இவ்வளவு. சில ஊர்களில் கள் இறக்குவோரின் ஈழச்சேரி வருகிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே வருகிறது. பறையர் சுடுகாடு தனியாக வருகிறது.

குடியிருப்பு மனைக்கு வரி இல்லை, அது சலுகைதானே, நத்தமும் அதே பட்டியலில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். சோழர் கால நில உறவுகளைக் கல்வெட்டுகளிலிருந்து எண்ணி எண்ணி எடுத்துக்காட்டிய நொபுரு கராஷிமா போன்றவர்கள் இதை நிதானமாகவே படித்திருக்கிறார்கள். ஆனால் நத்தத்தில் இருந்தவர்கள் வேறு வரிகளில் பெயரோடு வந்துவிடுகிறார்கள். சபையாராக, கடன் வாங்கியவர்களாக, பிணை நின்றவர்களாக, தானம் கொடுத்தவர்களாக. சேரியில் இருந்தவர்கள் அப்படி வரவில்லை. அந்த ஊர்களின் வயலில் நடவும் அறுப்பும் அவர்கள் கைபடாமலா நடந்திருக்கும்? எடுத்தபாதத்துக்கு அளந்த 100 கலம் நெல்லில் அவர்கள் உழைப்பு இல்லாமலா இருந்திருக்கும்? பொன்னில் ஒட்டிய அரக்கைக்கூடத் தனியே நிறுத்த கணக்கு, அவர்களை ஓர் இடமாக மட்டும் அறிந்திருந்தது. கழித்துவிட வேண்டிய இடமாக.

எருசலேமில் ஏரோது விரித்துக் கட்டிய கோயிலில், அந்நியர் தாண்டக் கூடாத தடுப்பில் கிரேக்க மொழியில் ஒரு கல் இருந்தது. தாண்டினால் வரும் சாவுக்குத் தாண்டியவனே பொறுப்பு என்பது அதன் செய்தி. 1871இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் வரக் கூடாதோ அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய எச்சரிக்கை அது. தஞ்சையில் அப்படி ஒரு கல் தேவைப்படவில்லை. சேரியிலிருந்து கோயிலுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கல்லின் வேலையைச் செய்தது.

தளிச்சேரிப் பெண்களைப் பற்றி எழுதும்போதும் பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. நானூறு பேரைப் பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைப்பது அரசன் ஒருவனால் மட்டுமே முடிகிற காரியம். அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லாது. சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த லெஸ்லி ஓர், அக்காலத்துக் கல்வெட்டுகளில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் தானம் கொடுத்தவர்களாக, தங்கள் ஊரில் வேரூன்றியவர்களாகத் தெரிகிறார்கள் என்றும், தஞ்சையில் நடந்தது அதிலிருந்து விலகிய ஒன்று என்றும் காட்டுகிறார். திருவையாற்றில் தன் தளியில் ஒரு விளக்கு வைத்திருக்கக்கூடியவள், தஞ்சையில் சிறகும் எண்ணும் கொண்ட ஒரு வீட்டுக்காரி ஆனாள். நிலமும் நெல்லும் கிடைத்தன, ஊர் போயிற்று. விமானத்தின் மேல்தளச் சுவர்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கி, 81 முடித்திருக்கிறார்கள். மிச்சம் 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. ஆடுகிற உருவம் சிவனுடையது. அந்த நிலைகளை உடம்பில் அறிந்தவர்கள் கீழே தெருவில் இருந்தார்கள். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிய பிறகு அந்தத் தெருக்கள் என்னவாயின என்பதைப் பற்றிச் சுவரில் ஒன்றும் இல்லை. ஒன்பது நூற்றாண்டு கழித்து, 1947இல், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணம் சட்டத்தால் நிறுத்தியது. அதற்குள் எத்தனையோ பெண்களின் வாழ்க்கை சிதைந்துபோயிருந்தது. முத்துலட்சுமி ரெட்டி அதற்காகத்தான் அவ்வளவு காலம் போராடினார். முதல் வீட்டுக்காரிகளுக்கும் கடைசியாகப் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளுக்கும் இடையில் நேர்கோடு போட முடியாது. ஆனால் அந்த நீண்ட காலத்தில் எங்கோ நிலப்பங்கு அவர்கள் கையைவிட்டுப் போயிற்று, சேவை மட்டும் மிஞ்சியது.

அரசனும் மறக்கப்பட்டான். தலபுராணம் இந்தக் கோயிலைக் கரிகாலன் கட்டியதாகச் சொல்லிவந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ஷும் அவருக்குப் பின் வெங்கையாவும் கல்வெட்டுகளைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சிட்ட பிறகுதான் ராஜராஜன் தன் கோயிலுக்கு மறுபடி உரிமையாளன் ஆனான். இடையில் வந்தவர்கள் எல்லோரும் தங்களை அங்கே பதித்துவிட்டுப் போனார்கள். பாண்டியர் அம்மன் சந்நிதி எடுத்தார்கள். நாயக்கர்கள் சோழ ஓவியத்தின் மேல் தங்கள் ஓவியத்தைப் பூசினார்கள், எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டுபிடிக்கும்வரை சோழ ஓவியம் அடியில் கிடந்தது. சரபோஜி 1803இல் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை மராத்தியில் பிராகாரச் சுவரில் வெட்டுவித்தான்.

சேரிக்காரர்கள் அந்தச் சுவரருகே உரிமையோடு வந்து நிற்க 1939 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் கக்கன் முதலியோரை அழைத்துக்கொண்டு போனார். அதைத் தொடர்ந்து ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அதே ஆண்டில் தஞ்சை அரண்மனை தேவஸ்தானமும் பெரிய கோயில் உட்படத் தன் கோயில்களைத் திறந்துவிட்டது. வாசல் திறந்தது. கருவறை தனி வழக்கு. 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துத் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டு இழுபட்டு, 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்களுக்குப் பணியாணை கிடைத்தது. வாரிசுக்கு வேலை தெரியாவிட்டால் தெரிந்தவரைத் தேர்ந்தெடு என்று அந்தச் சுவர் சொல்வதை இந்த வழக்குகளின்போது நான் அடிக்கடி நினைத்துக்கொண்டதுண்டு. 2020 குடமுழுக்கில் தமிழும் ஒலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தபோதும் அப்படித்தான். திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று 50 பேரை ராஜராஜன் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் வைத்திருந்தான். கோயிலின் வழக்கம் என்ன என்று கேட்டவர்களுக்குக் கோயிலே பதில் எழுதி வைத்திருந்தது.

நீங்கு நிலத்தின் வழக்குத்தான் இன்னும் முடியவில்லை. அந்தக் கல்வெட்டில் ஊர் நத்தமும் சேரியும் எப்படித் தனித்தனியாக அளக்கப்பட்டனவோ அப்படியே காவிரிக் கரையில் இன்றும் ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கின்றன. பிணம் எடுத்துப் போகும் பாதைக்காக நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சாதி வேறுபாடில்லாத மயானம் உள்ள சிற்றூருக்கு 10 லட்சம் ரூபாய் பரிசு என்று 2021க்குப் பிறகும் தமிழக அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. பெரிய கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்கள் விமானத்தைக் காட்டட்டும். வடபக்கச் சுவருக்கும் கூட்டிப்போய் அந்தப் பெண்களின் பெயர்களை வீட்டு எண்ணோடு வாசித்துக் காட்டட்டும். நிலக்கணக்கு வெட்டிய கல்லுக்கும் கூட்டிப்போய், அதில் கழித்து எழுதியிருப்பது யாருடைய தெரு, யாருடைய சுடுகாடு என்பதையும் அதே குரலில் வாசித்துச் சொல்லட்டும்.